வரையவே தெரியாதவர்களுக்கு ஒரு வகுப்பு: பென்சிலில் தொடங்கி பெயிண்ட் வரை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் எதைத் திறந்து பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? முதலில் கேம்ஸ். அடுத்தது பெயிண்ட். மவுஸைப் பிடித்து ஒரு வீடு, ஒரு தென்னை மரம், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சூரியன் வரைந்து பார்ப்பார்கள். கோடெல்லாம் கோணலாக வரும். 'நமக்கு இதெல்லாம் வராது' என்று மூடிவிடுவார்கள். அதன் பிறகு பெயிண்டைத் திறப்பது ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டுவதற்கு மட்டும்தான்.

நானும் அந்த ரகம்தான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் என்று பெயர். ஆனால் கல்லூரியில் இன்ஜினியரிங் டிராயிங் பேப்பரை இரண்டாவது முயற்சியில்தான் பாஸ் செய்தேன். அப்படிப்பட்ட நான் ஓவியம் பற்றி எழுதக் காரணம் என் அப்பா.

அப்பா நெய்வேலியில் சுரங்கத்தின் கன்வேயர் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். 60 வயதில் ரிட்டையர் ஆனார். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் என்பது வேலை இருக்கும் வரைதான். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. நான் பிறந்து வளர்ந்த வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க எங்களுக்குப் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் மீதம் இருந்தன. வீட்டை நான் மொபைலில் நூறு போட்டோ எடுத்து அப்பாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு. ஆனா நம்ம வீடு மாதிரி இல்லையேடா" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "நானே வரைஞ்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

அவர் பள்ளிக்கூடத்துக்குப் பிறகு பென்சிலால் படம் வரைந்ததே இல்லை.

எல்லோருக்குமான வகுப்பு

பக்கத்து வட்டத்தில், ரிட்டையரான டிராயிங் மாஸ்டர் ஒருவர் ஞாயிறு காலையில் வகுப்பு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டோம். அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் லோயர், ஹையர் என்று ஓவியத்துக்குப் பரீட்சைகள் உண்டு. இது அதற்கான வகுப்பு அல்ல. யார் வேண்டுமானாலும் வரலாம். ஆறாம் வகுப்புப் பையன், கல்லூரி மாணவி, இரண்டு இல்லத்தரசிகள், ஒரு நர்ஸ் என்று கலவையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் வார இறுதியில் சென்னையிலிருந்து வரும்போது அப்பாவுக்குத் துணையாகப் போய், நானும் ஒரு நோட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்படித் திறமையைக் கேட்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பல ஊர்களில் இருக்கிறது. சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கத்தில், அவரவர் ஊரைத் தெருவில் உட்கார்ந்தே வரைகிறார்கள். நம் சென்னையிலும் 'சென்னை வீக்எண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்ற குழுவினர் வார இறுதியில் ஓர் இடத்தில் கூடி வரைகிறார்கள். 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கி, இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் இடத்தில் படித்தவர்கள்தான் வரைய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

எங்கள் வகுப்பில் ஓர் அம்மா, "எனக்குக் கோடே நேரா வராது சார்" என்றார். "மார்கழியில் எத்தனை புள்ளி வைப்பீங்க?" என்று மாஸ்டர் கேட்டார். "இருபத்தொண்ணு" என்றார் அவர். "அப்புறம் என்ன? உட்காருங்க" என்றார் மாஸ்டர். புள்ளிகளுக்கு நடுவில் கை நடுங்காமல் கம்பி இழுப்பவருக்கு வரையத் தெரியாது என்று சொல்ல முடியாது அல்லவா?

பாடம் 1: கைக்கு அல்ல, கண்ணுக்கு

முதல் நாள் மாஸ்டர் சொன்னது இதுதான். இடது கையை மேஜை மேல் வையுங்கள். அதன் ஓரத்தைக் கண்ணால் எறும்பு ஊர்வதுபோல மெதுவாகப் பின்தொடருங்கள். கண் நகரும் அதே வேகத்தில் பென்சில் நகர வேண்டும். பேப்பரைப் பார்க்கக் கூடாது!

வந்த படம் கை மாதிரியே இல்லை. வகுப்பே சிரித்தது. ஆனால் விரல் மடிப்புகள், நகத்தின் வளைவு எல்லாம் அதில் இருந்தன. இதற்கு முன் நாம் வரைந்தது நம் கையை அல்ல, 'கை' என்று மூளையில் பதிந்திருக்கும் ஒரு சின்னத்தை. வீடு என்றதும் முக்கோணக் கூரை வருவதும் இதனால்தான். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு முக்கோணக் கூரையே கிடையாது. இருந்தும் அப்பா முதலில் வரைந்தது முக்கோணக் கூரைதான்!

இந்தப் பயிற்சி புதிதல்ல. கிமோன் நிகோலாய்டிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியரின் 1941-ல் வெளியான புத்தகத்திலேயே இருக்கிறது. 1979-ல் பெட்டி எட்வர்ட்ஸ் எழுதிய புத்தகம் இன்னொரு வழியைப் பிரபலமாக்கியது: படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. தலைகீழாக இருந்தால் இது மூக்கு, இது கண் என்று மூளை பெயர் வைக்காது. வெறும் கோடாகப் பார்க்கும். இதைக் கம்ப்யூட்டரில் செய்வது சுலபம். ஒரு போட்டோவைப் பெயிண்டில் திறந்து, 'ரொட்டேட்' பட்டனில் 180 டிகிரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். திரையைப் பார்த்து நோட்டில் வரையுங்கள். முடித்ததும் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பாடம் 2: இடைவெளியை வரையுங்கள்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பலா மரம். அப்பா அதன் கிளைகளை வரைய முயன்று பல தாள்களைக் கசக்கிப் போட்டார். மாஸ்டர், "கிளையை விடுங்க. கிளைக்கு நடுவுல தெரியுற வானத்தை வரைங்க" என்றார். வானத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு தனி வடிவம். அந்த வடிவங்களை வரைந்து முடித்தபோது, மீதி இருந்த இடம் தானாகவே மரமாகிவிட்டது. கேட் கம்பி, நாற்காலிக் கால், சைக்கிள் என எதையும் இப்படி வரையலாம்.

பாடம் 3: அளவும் தொலைவும்

பென்சிலைக் கையில் பிடித்து, கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவின் உயரத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவை வைத்து வீட்டின் அகலம் எத்தனை கதவு என்று எண்ணுங்கள். எங்கள் வீடு நான்கு கதவு அகலம். அப்பா அதுவரை இரண்டரை கதவு அகலத்தில்தான் வரைந்துகொண்டிருந்தார். அதனால்தான் அது நம் வீடு மாதிரி இல்லாமல் இருந்தது.

தொலைவுக்கு நெய்வேலியே நல்ல பாடப்புத்தகம். டவுன்ஷிப் ரோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருக்கும். இருபுறமும் மரங்கள். ரோட்டின் நடுவே பார்த்தால் (வண்டி வராத நேரத்தில்!) இரண்டு ஓரமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது தெரியும். அந்தப் புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். உட்கார்ந்தால் கண்மட்டம் இறங்கும், புள்ளியும் இறங்கும். கன்வேயர் பெல்ட்டைப் பார்த்தே காலம் கழித்த அப்பா, "இது எனக்கு முப்பது வருஷமாத் தெரியுமே. பெல்ட்டு போகப் போகக் குறுகும்ல" என்றார். வகுப்பில் அவர் முகம் மலர்ந்தது அன்றுதான்.

ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் வரைய ஆசை. அந்த ராட்சத இயந்திரத்தை எங்கே தொடங்குவது? முதலில் ஒரு வட்டம், பிறகு நீண்ட கை ஒரு செவ்வகம், கீழே பெரிய பெட்டி, மேலே கம்பிகள் முக்கோணம். எதையும் முதலில் எளிய வடிவங்களாகப் பிரியுங்கள். புரோகிராம் எழுதும்போது பெரிய வேலையைச் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாகப் பிரிப்போம். அதே கதைதான்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்

நான்காவது வாரம், "இதைக் கம்ப்யூட்டரில் கலர் பண்ண முடியுமா?" என்று அப்பா கேட்டார். அவருக்காக வாங்கிய லேப்டாப் அதுவரை டிவி போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் வரைவது பழைய சங்கதி. 1963-ல் ஐவன் சதர்லேண்ட், எம்.ஐ.டி.யில் தன் ஆராய்ச்சிக்காக 'ஸ்கெட்ச்பேட்' புரோகிராமை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு போடலாம். பெயிண்ட் 1985-ல் விண்டோஸின் முதல் பதிப்பிலேயே வந்துவிட்டது. 2017-ல் இதை இனி மேம்படுத்தப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொன்னபோது மக்கள் வருத்தப்பட்டார்கள். முடிவு மாறியது. 2023-ல் அதற்கு லேயர் வசதியும் வந்தது.

வரைய உட்காரும் முன் இவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

1. மவுஸ் செட்டிங். விண்டோஸில் சாதாரணமாக, மவுஸை வேகமாக நகர்த்தினால் பாயிண்டர் அதிக தூரம் போகும், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தூரம் போகும். கை ஒரே அளவு நகர்ந்தாலும் கோடு வேறு வேறு நீளத்தில் வர இதுதான் காரணம். தவறு உங்கள் கையில் இல்லை! ஸ்டார்ட் மெனுவில் மவுஸ் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, கூடுதல் மவுஸ் செட்டிங்ஸில் 'பாயிண்டர் ஆப்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். 'என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

2. தாளின் அளவு. பெயிண்டில் கன்ட்ரோல் + இ அழுத்தினால் படத்தின் அளவு கேட்கும் பெட்டி வரும். ஏ4 தாளில் தெளிவாகப் பிரிண்ட் எடுக்க நினைத்தால் அகலம் 3508, உயரம் 2480 பிக்சல் என்று கொடுங்கள். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் வரும் அளவு இது.

3. நேர்கோடும் வட்டமும். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு கோடு இழுத்தால் படுக்கையாகவோ, செங்குத்தாகவோ, 45 டிகிரி சாய்வாகவோ நேராக வரும். ஷிஃப்டுடன் நீள்வட்டக் கருவியைப் பிடித்தால் சரியான வட்டம் கிடைக்கும்.

4. வளைவு. பலா மரக் கிளைக்கு 'கர்வ்' கருவி. முதலில் ஒரு நேர்கோடு இழுங்கள். பிறகு அதன் மேல் ஓர் இடத்தில் பிடித்து இழுத்தால் வளையும். இரண்டு முறை வளைக்கலாம்.

5. வண்ணம் நிரப்புதல். பெயின்ட் டப்பா படத்தைச் சுவருக்குள் கிளிக் செய்தால் படம் முழுக்க வண்ணம் ஓடிவிடுகிறதா? சுவர்க் கோட்டில் எங்கோ ஒரு பிக்சல் ஓட்டை இருக்கிறது. கன்ட்ரோல் + இசட் அழுத்தி வண்ணத்தை எடுத்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கி ஓட்டையைத் தேடி அடையுங்கள்.

கன்ட்ரோல் + இசட் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துப் பெயிண்டில் மூன்று படிகள்தான் பின்னால் போக முடியும். இன்று நிறையப் போகலாம். அதனால் தயங்காமல் கோடு போடுங்கள். ஆனால் மாஸ்டர் ஒரு எச்சரிக்கை செய்தார்: "ஒவ்வொரு கோட்டையும் அழிச்சு அழிச்சுப் போட்டா, எது தப்புன்னே தெரியாமப் போயிடும். தப்புக் கோடு இருக்கட்டும். பக்கத்துல சரியான கோட்டைப் போடுங்க." பேப்பரில் பழகிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவதில் உள்ள லாபம் இதுதான்.

ஒரு விபத்து, ஒரு பாடம்

ஏழாவது வாரம் வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வாசல், பலா மரம், துணி துவைக்கும் கல், கொடிக்கயிறு எல்லாம் வந்துவிட்டன. அப்போது நாங்கள் 1600 x 1200 அளவில்தான் வரைந்துகொண்டிருந்தோம். மூன்று வார உழைப்பு.

அப்பா அதைப் பெங்களூரில் இருக்கும் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆசைப்பட்டார். ஃபைல் பெரிதாக இருக்குமோ என்று நினைத்து, 'ரீசைஸ்' போய் 20 சதவீதம் என்று கொடுத்தார். சேவ் செய்தார். பெயிண்டை மூடினார். அனுப்பினார். அக்கா "சூப்பர்ப்பா" என்றாள்.

அடுத்த வாரம் நான் வந்து திறந்து பார்த்தபோது படம் தபால் தலை மாதிரி இருந்தது. அளவு 320 x 240. அப்பா, "திரும்பப் பெருசு பண்ணிடலாம்ல?" என்றார்.

முடியாது. ஏன் என்று பாருங்கள். 1600 x 1200 என்றால் 19 லட்சத்து 20 ஆயிரம் புள்ளிகள். 320 x 240 என்றால் 76,800 புள்ளிகள். அதாவது 25 புள்ளிகள் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. மீதி 24 போயே போய்விட்டன. பெரிதாக்கினால் கம்ப்யூட்டர் அந்த ஒரு புள்ளியை வைத்து உத்தேசமாக இடத்தை நிரப்பும். கட்டம் கட்டமாகவோ மங்கலாகவோதான் வரும். பெயிண்டை மூடாமல் இருந்திருந்தால் கன்ட்ரோல் + இசட் காப்பாற்றியிருக்கும். மூடியதும் அந்த வழியும் அடைந்துவிட்டது.

சாவி கொடுக்க மூன்று ஞாயிறுதான் பாக்கி. அப்பா ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். பேக்கப் எடுக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் நான், அப்பாவுக்கு அதைச் சொல்லித்தர மறந்திருந்தேன். நீங்கள் மறக்காதீர்கள்:

* தினமும் வேலை முடிந்ததும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வீடு1, வீடு2, வீடு3 என்று புதுப் பெயரில் சேமியுங்கள்.
* வேலை நடக்கும் படத்தைப் பி.என்.ஜி. வடிவில் வைத்திருங்கள். ஜேபெக் வடிவம் இடத்தை மிச்சப்படுத்தச் சில விவரங்களை விட்டுவிடும். கோட்டு ஓரங்களில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். திருத்தித் திருத்திச் சேமித்தால் இன்னும் மோசமாகும்.
* அனுப்புவதற்கு முதலில் ஒரு காப்பி எடுத்து, அதைச் சிறிதாக்குங்கள். ஒரிஜினலைத் தொடாதீர்கள்.
* வாரம் ஒரு முறை பென் டிரைவிலும் ஒரு பிரதி வையுங்கள்.

மறுநாள் காலை அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை 3508 x 2480. முதல் படத்துக்கு மூன்று வாரம் ஆனது, இது ஒன்பது நாளில் முடிந்தது. படமும் முன்னதைவிட நன்றாக வந்தது. கதவு எத்தனை, வானத் துண்டுகள் எப்படி என்று எல்லாம் அவர் கண்ணில் ஏறியிருந்தது. அழிந்தது ஃபைல்தான், கற்றது அழியவில்லை.

அடுத்த படி

பெயிண்ட் போதவில்லை என்று தோன்றினால் 'கிரிதா' என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. கீழ்த் தாளில் பென்சில் ஸ்கெட்ச், நடுவில் வண்ணம், மேலே கோடு என்று தனித்தனியாக வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது கெடாது. நோட்டில் வரைந்ததை மொபைலில் படமெடுத்து அடியில் ஒரு லேயராக வைத்துக்கொள்ளலாம். போட்டோவை வைத்து அப்படியே டிரேஸ் எடுப்பது சுலபம்தான். ஆனால் அதில் கண் பழகாது.

மவுஸ் கஷ்டமாக இருந்தால் யு.எஸ்.பி.யில் இணைக்கும் பென் டேப்லெட் கிடைக்கிறது. அழுத்திப் பிடித்தால் தடித்த கோடு, மெல்லப் பிடித்தால் மெல்லிய கோடு வரும். ஆனால் முதல் நாளே வாங்க வேண்டாம். ஒரு மாதம் தொடர்ந்து வரைகிறீர்களா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வயதாகிவிட்டதே, கண் தெரியவில்லையே என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்ற முதியவர், பார்வை மங்கிய பிறகு பெயிண்டில் படத்தைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து ஓவியங்கள் வரைந்தார். 2013-ல் அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. நம் மனோகர் தேவதாஸ் வேதியியல் துறையில் வேலை பார்த்தவர். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தபோதும், தான் வளர்ந்த மதுரையைப் பேனா மையால் நுணுக்கமாக வரைந்தார். 2020-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் மறைந்தார். பத்திரிகை ஓவியர்களில் டிராட்ஸ்கி மருது, தூரிகையோடு கம்ப்யூட்டரையும் ஆரம்பத்திலேயே கையில் எடுத்தவர். கருவி எதுவானாலும் பார்வை ஒன்றுதான் என்பதற்கு இவர்கள் சாட்சி.

சாவியை ஒப்படைத்துவிட்டோம். இப்போது வடலூரில் இருக்கிறோம். ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்த படம் ஹாலில் மாட்டியிருக்கிறது. கூரையின் ஓரம் கொஞ்சம் கோணல், கொடிக்கயிறு தேவைக்கு மேல் தொங்குகிறது. பக்கத்தில் நான் எடுத்த போட்டோவையும் மாட்டலாம் என்றேன். "அது எதுக்குடா, நம்ம வீடுதான் இங்க இருக்கே" என்றார் அப்பா.

இன்று இரவு உங்கள் கம்ப்யூட்டரில் பெயிண்டைத் திறக்கும் முன், ஒரு பழைய நோட்டையும் பென்சிலையும் எடுங்கள். இடது கையை மேஜை மேல் வையுங்கள். பேப்பரைப் பார்க்காமல் பத்து நிமிடம் வரையுங்கள். அடுத்த பத்து நிமிடம் பெயிண்டில். கோணலாக வந்தால் சந்தோஷப்படுங்கள், உங்கள் கண் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. மறக்காமல் 'சேவ் ஆஸ்' கொடுங்கள்!